பசிபிக் போர் ஏன் மூண்டது: காரணங்களை ஆராயும் முறை

1879-ல் சிலி ஒருபுறமும் பெருவும் பொலிவியாவும் மறுபுறமுமாக நின்று மோதிய போருக்குப் பசிபிக் போர் என்று பெயர். இரண்டாம் உலகப் போரின் பசிபிக் களத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் இழந்தது இந்தப் போரில்தான். பெரு தாரபாக்கா மாகாணத்தை இழந்தது.

காரணம் என்ன என்று கேட்டால் மூன்று பதில்கள் கிடைக்கும். வெடியுப்பு (நைட்ரேட்) மீது பொலிவியா போட்ட குவிண்டாலுக்கு 10 சென்டாவோ (பொலிவியானோ நாணயத்தில் நூறில் ஒரு பங்கு சென்டாவோ) வரி என்பது ஒன்று. சிலியின் நிலப்பசி என்பது இன்னொன்று. பின்னணியில் இங்கிலாந்து முதலாளிகள் இருந்தார்கள் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஆதாரம் காட்டலாம், அதனால்தான் ஆராய்ச்சி கடினமாகிறது. எந்த ஆதாரம் எதை நிறுவுகிறது, எதை நிறுவவில்லை என்று பிரித்துப் பார்க்கும் முறையை இங்கே தருகிறோம். ஆய்வு மாணவருக்கும், நீண்ட கட்டுரை எழுத விரும்பும் வரலாற்று ஆர்வலருக்கும் இது பயன்படும்.

முதலில் கேள்வியை உடையுங்கள்

"போர் ஏன் வந்தது?" என்று கேட்டால் ஆவணம் பதில் சொல்லாது. போரை யாரும் ஒரே நாளில் முடிவுசெய்யவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சில முடிவுகள் எடுக்கப்பட்டன. ஒவ்வொன்றையும் எடுத்தவர் வேறு, எடுத்த இடம் வேறு. ஆகவே கேள்வியை நான்காக்குங்கள்.

1. 1878 பிப்ரவரி 14 அன்று பொலிவிய தேசிய சபை ஏன் 10 சென்டாவோ நிபந்தனையை விதித்தது?
2. அதே ஆண்டு டிசம்பரில் வரியை வசூலிக்கவும், 1879 பிப்ரவரி 1 அன்று, வரி கட்ட வேண்டிய அன்டோஃபகாஸ்டா வெடியுப்பு–ரயில்வே நிறுவனத்தின் உரிமத்தையே ரத்து செய்யவும் பொலிவிய அதிபர் ஹிலாரியோன் தாசாவின் அரசு ஏன் துணிந்தது?
3. 1879 பிப்ரவரி 14 அன்று பொலிவியத் துறைமுகமான அன்டோஃபகாஸ்டாவில் படையை இறக்கச் சிலி அதிபர் அனிபால் பின்டோவின் அரசு ஏன் முடிவுசெய்தது?
4. சிலி–பொலிவியத் தகராறாகத் தொடங்கியது ஏப்ரல் 5-க்குள் பெருவையும் சேர்த்த போராக எப்படி மாறியது?

பலரும் முதல் மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் கனமான கேள்வி நான்காவதுதான். பெரு வெளியே நின்றிருந்தால் இது பாலைவனத் துறைமுகம் ஒன்றைப் பற்றிய சிறு மோதலாக முடிந்திருக்க வாய்ப்பு உண்டு. உங்கள் நேரத்தில் பாதியை அதற்கு ஒதுக்குங்கள்.

தேதி அட்டவணை

ஒரு விரிதாளில் ஐந்து பத்திகள் போடுங்கள்: நிகழ்வு, நடந்த நாள், செய்தி சாண்டியாகோவை (சிலி அரசு) எட்டிய நாள், லா பாஸை (பொலிவிய அரசு) எட்டிய நாள், லீமாவை (பெரு அரசு) எட்டிய நாள். கடைசி மூன்று பத்திகளை நிரப்புவதுதான் உழைப்பு. அதைச் செய்யாமல் விட்டால் காரணமும் விளைவும் தலைகீழாகிவிடும்.

1879-ல் லா பாஸுக்கும் கடற்கரைக்கும் இடையே தந்திக் கம்பி இல்லை. பெருவின் தாக்னா நகர் வரை வந்த செய்தி அங்கிருந்து மலையேறிப் பல நாள் பயணம் செய்ய வேண்டியிருந்தது. இதன் விளைவைப் பாருங்கள். உரிமத்தை ரத்து செய்த ஆணை பிப்ரவரி 1 தேதியிட்டது. சாண்டியாகோ அதை அறிந்தது 11-ஆம் தேதி வாக்கில். லா பாஸில் சிலித் தூதர் உறவை முறித்துக்கொண்டது பிப்ரவரி 12. அந்தச் செய்தி வந்து சேருமுன்பே படைக்குக் கட்டளை போய்விட்டது. ஆகவே "தூதர் உறவை முறித்தார், அதனால் படை இறங்கியது" என்று எழுதினால் அது தவறு. நாட்காட்டியில் 12-க்குப் பிறகு 14 வருகிறது என்பதைத் தவிர அந்த வாக்கியத்துக்கு வேறு ஆதாரம் இல்லை.

அட்டவணையைப் பயன்படுத்திச் சோதிக்க நல்ல எடுத்துக்காட்டு தாசாவின் கார்னிவல் (கிறிஸ்தவத் தவக்காலத்துக்கு முந்தைய திருவிழா) கதை. படை இறங்கிய செய்தி வந்தும், திருவிழா கெடக்கூடாது என்று தாசா அதை மறைத்துவைத்தார் என்று பல நூல்கள் சொல்லும். 1879-ல் ஈஸ்டர் ஏப்ரல் 13. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 26, கார்னிவலின் கடைசி நாள் 25. கப்பல், தந்தி, மலைப்பாதை என்று பயண நாட்களைக் கூட்டிப் பாருங்கள்: செய்தி எவ்வளவு முன்னதாக வந்திருக்க முடியும் என்பதற்கு ஓர் எல்லை கிடைக்கும். பிறகு கதையைச் சொன்ன சாட்சிகளின் தேதியைப் பாருங்கள். தாசா 1879 டிசம்பர் இறுதியில் கவிழ்க்கப்பட்டார். அதற்குப் பின் எழுதியவர்களில் பலருக்கு அவரைக் குற்றவாளியாகக் காட்ட வேண்டிய தேவை இருந்தது. இந்த இரண்டு சோதனைகளையும் தாண்டாத கதையைக் காரணப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

தேதிகளில் வழுக்கும் இடங்கள் சில உண்டு. வரிச் சட்டம் 1878 பிப்ரவரி 14. படை இறங்கியது சரியாக ஓராண்டு கழித்து 1879 பிப்ரவரி 14. பெரு–பொலிவிய இரகசிய ஒப்பந்தம் 1873 பிப்ரவரி 6. சிலி–பொலிவிய எல்லை ஒப்பந்தம் 1874 ஆகஸ்ட் 6. இவை மாறிப்போன அச்சு நூல்களும் உண்டு. ஒவ்வொரு தேதியையும் மூல ஆவணத்தின் தலைப்பிலிருந்தே எடுங்கள்.

நான்கு ஒப்பந்தங்களும் ஒரு நிறுவன உடன்பாடும்

இவற்றை முழுதாக, ஷரத்து ஷரத்தாகப் படிக்காமல் இந்தப் போரைப் பற்றி ஒரு பத்திகூட எழுத வேண்டாம். சுருக்கங்களை நம்பியவர்கள்தான் அதிகம் சறுக்கியிருக்கிறார்கள்.

படிப்பதற்கு முன் ஒரு வரைபடத்தில் தென் அட்சரேகை 23, 24, 25 மூன்றையும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மெஹியோனெஸ், அன்டோஃபகாஸ்டா இரண்டும் 23-க்கும் 24-க்கும் இடையில் விழும். தகராறு முழுவதும் அந்தப் பட்டைக்குள்தான்.

1866 ஆகஸ்ட் 10 ஒப்பந்தம் 24-ஆம் பாகையை எல்லையாக்கியது. ஆனால் 23 முதல் 25 வரை குவானோ (உரமாகும் கடற்பறவை எச்சம்) வருமானத்தையும் கனிம ஏற்றுமதித் தீர்வையையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட வேண்டும். அப்போது இரு நாடுகளும் ஸ்பெயினுக்கு எதிராக ஒரே அணியில் இருந்தன என்பதை நினைவில் வையுங்கள். பங்கீடு நடைமுறையில் ஓயாத கணக்குச் சண்டையானது. 1870-ல் கராக்கோலெஸில் வெள்ளி கிடைத்ததும் சண்டை முற்றியது.

1874 ஒப்பந்தம் கனிமத் தீர்வைப் பங்கீட்டைக் கைவிட்டது; குவானோ பங்கீடு மட்டும் தொடர்ந்தது. அதற்கு ஈடாக 4-ஆம் ஷரத்து வந்தது: அந்தப் பகுதியின் கனிம ஏற்றுமதித் தீர்வை அப்போது இருந்ததைவிட உயராது, சிலி நாட்டவர், அவர்கள் தொழில், முதலீடு ஆகியவை மீது அப்போது இருந்தவை தவிர வேறு வரி 25 ஆண்டுகளுக்கு விதிக்கப்படாது. 1875-ல் சேர்ந்த துணை ஒப்பந்தம், விளக்கத்தில் தகராறு வந்தால் நடுவரிடம் போக வேண்டும் என்றது. இந்தத் துணை ஒப்பந்தத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் 1878–79 கடிதங்களில் நடுவர் தீர்ப்பைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்பது விளங்காது.

நிறுவன உடன்பாடு தனி. அன்டோஃபகாஸ்டா வெடியுப்பு–ரயில்வே நிறுவனத்துடன் பொலிவிய அரசு 1873 நவம்பர் 27-ல் செய்த ஏற்பாடு, 15 ஆண்டுகளுக்கு வரி விலக்குத் தந்தது. 1878-ல் சபை விதித்த 10 சென்டாவோ இந்த உடன்பாட்டை அங்கீகரிப்பதற்கான நிபந்தனையாகவே வந்தது. இரு தரப்பு வாதத்தின் உயிரும் இங்கே இருக்கிறது. சிலியின் வாதம்: பெயர் எதுவானாலும் இது புதிய வரி, 4-ஆம் ஷரத்து தடுக்கிறது. பொலிவியாவின் வாதம்: இது தனியார் ஒப்பந்தத்தின் நிபந்தனை, சபை ஒப்புதல் இல்லாமல் அந்த உடன்பாடு நிறைவு பெறவில்லை, நிறுவனத்துக்குக் குறை இருந்தால் பொலிவிய நீதிமன்றம் உண்டு.

எந்த வாதம் சரி என்று தீர்ப்பு எழுதுவது உங்கள் வேலை இல்லை. எந்த நாளில் எந்த வாதத்தை யார் முன்வைத்தார், அது எப்போது மாறியது என்று பாருங்கள். பிப்ரவரி 1-ல் உரிமம் ரத்தானதும் பொலிவியா, வரியே இனி இல்லை என்பதால் நடுவருக்கும் வேலை இல்லை என்ற நிலைக்குப் போனது. சிலியோ, 1874 ஒப்பந்தத்தைப் பொலிவியா முறித்ததால் அதற்கு முன்பிருந்த தன் பழைய உரிமை உயிர்பெற்றது என்றது. 23-ஆம் பாகை வரை படை போனதற்குச் சொல்லப்பட்ட நியாயம் அதுதான். இந்தப் பன்னிரண்டு, பதின்மூன்று நாட்களில் இரு தரப்பின் சொல்லாடலும் வரித் தகராறிலிருந்து நில உரிமைக்குத் தாவுகிறது. உங்கள் ஆய்வில் அதிகப் பக்கங்களுக்கு உரிய இடம் இது.

வரியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

1879 ஜனவரியில் நிறுவனத்திடம் கேட்கப்பட்ட தொகை 90,848 பொலிவியானோ 13 சென்டாவோ. குவிண்டாலுக்கு 10 சென்டாவோ என்றால் 9,08,481 குவிண்டால். இங்கே குவிண்டால் என்பது 46 கிலோ கொண்ட பழைய ஸ்பானிய அளவு. நம் ஊரில் பழகிய 100 கிலோ குவிண்டாலை வைத்துப் பெருக்கினால் ஏற்றுமதி இரு மடங்குக்கும் மேலாகிவிடும். சரியாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 41,800 டன். கிடைத்த அளவை நிறுவனத்தின் ஏற்றுமதிக் கணக்கோடு ஒப்பிட்டு, பொலிவியா சட்டம் வந்த நாளிலிருந்தே பாக்கி கேட்டதா என்று சரிபாருங்கள்.

நாணயத்திலும் கவனம் வேண்டும். பொலிவியானோ, சிலி பேசோ, பெருவின் சோல் மூன்றும் வேறு. 1878 ஜூலை 23-ல் சிலி தன் வங்கித்தாள்களை உலோக நாணயமாக மாற்றித் தரும் கடமையை நிறுத்திவைத்தது. அதன் பிறகு பேசோவின் மதிப்பு சரிந்தது. எல்லாத் தொகையையும் அந்தந்த மாத மாற்று விகிதத்தில் ஸ்டெர்லிங்குக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள்.

கணக்கு முடிந்ததும் வரி சிறியது என்பது தெரியும். அதிலிருந்து "வரி வெறும் சாக்கு" என்ற முடிவுக்குத் தாவ வேண்டாம். நிறுவனம் பயந்தது முன்னுதாரணத்துக்கு: ஒருமுறை கொடுத்தால் அடுத்த ஆண்டு உயரும். பொலிவியாவின் பக்கம் 1877 மே மாத நிலநடுக்கமும் கடற்கோளும் கடற்கரையைச் சிதைத்திருந்தன, 1878-ல் வறட்சியும் பஞ்சமும் வந்தன, கருவூலம் காலி. தொகையின் சிறுமையும் தேவையின் பெருமையும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

அடுத்து பங்குதாரர் பட்டியல். நிறுவனத்தில் அகுஸ்தின் எட்வர்ட்ஸ் போன்ற சிலிப் பெருமுதலாளிகளும், சிறுபான்மைப் பங்கோடு லண்டனின் அன்டோனி கிப்ஸ் நிறுவனமும் இருந்தனர். சிலியின் அரசியல் உயர்மட்டத்திலும் பங்குதாரர்கள் இருந்தனர். இந்தப் பட்டியலை அமைச்சர், காங்கிரஸ் உறுப்பினர் பெயர்களோடு பொருத்திப் பாருங்கள். ஆனால் அதோடு நிறுத்தினால் அரைவேலைதான். பொலிவியாவின் வெள்ளிச் சுரங்கங்களில் பணம் போட்ட சிலிக்காரர்களின் பட்டியலையும் எடுங்கள். அவர்களுக்குப் போர் என்றால் நஷ்டம். "சிலி முதலாளிகள் போரை விரும்பினர்" என்ற வாக்கியம் இந்த இரண்டாவது பட்டியலின் முன் நிற்காது. எந்த முதலாளிகள், எந்த வாரத்தில், யாரிடம் பேசினார்கள் என்று எழுத வேண்டியிருக்கும்.

பெருவைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்

பெருவின் குவானோ வருமானம் தேய்ந்தது. 1876-ல் வெளிநாட்டுக் கடனுக்கு வட்டி கட்டுவதை அது நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு தாரபாக்காவின் வெடியுப்புத் தொழிலைப் பத்திரங்கள் கொடுத்து அரசுடைமையாக்கச் சட்டம் போட்டிருந்தது. விலையை உயர்த்தி வைக்கும் இந்தத் திட்டத்துக்கு வெளியே நின்றது அன்டோஃபகாஸ்டா. ஆகவே அங்கே வரி உயர்ந்தால் பெருவுக்கு நன்மை. நன்மை இருந்தது என்பது நிரூபணம். தூண்டியது என்பதற்குத் தனி ஆதாரம் வேண்டும். இரண்டையும் ஒன்றாக்குவதே இந்தத் துறையில் மிகவும் பரவிய பிழை.

தயார்நிலைச் சோதனை ஒன்றும் செய்யுங்கள். போரைத் திட்டமிட்டவர் அதற்கு ஆயத்தமாகியிருப்பார். 1879 தொடக்கத்தில் பெருவின் முக்கியக் கவசக் கப்பல்கள் பழுதுபார்ப்பில் இருந்தன. சிலியின் நிரந்தரத் தரைப்படை சுமார் 2,400 பேர்தான். கொக்ரேன், பிளாங்கோ என்கலாதா என்ற இரு புதிய கவசக் கப்பல்களே அதன் பலம். நீண்டகாலச் சதி என்ற வாதம் இரு தரப்பிலும் இந்தச் சோதனையில் தளர்கிறது.

1873 இரகசிய ஒப்பந்தத்தைப் படிக்கும்போது இரண்டு அம்சங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அது தற்காப்புக் கூட்டணி. உதவிக்குப் போக வேண்டிய நிலை வந்ததா என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை ஒவ்வொரு நாடும் தன்னிடமே வைத்துக்கொண்டது. எனவே "ஒப்பந்தம் பெருவைப் போருக்குள் இழுத்தது" என்பது போதாத விளக்கம். வெளியே நின்றால் பொலிவியா நாளை சிலியோடு சேர்ந்துவிடும் என்ற லீமாவின் அச்சம், பொதுமக்கள் கொதிப்பு, அதிபர் மரியானோ இக்னாசியோ பிராடோவின் பலவீனம் ஆகியவற்றைத் தனித்தனியே எடைபோட வேண்டும்.

இரகசியம் எவ்வளவு இரகசியம் என்பதையும் கேளுங்கள். சிலித் தூதர்களுக்கு 1874 வாக்கிலேயே இதைப் பற்றித் தகவல் இருந்தது. ஆனால் பொதுமக்களுக்குத் தெரியாது. 1879 மார்ச்சில் சமரசம் பேச வந்த பெருத் தூதர் ஹோசே அன்டோனியோ தெ லவாயே முதலில் பிடிகொடுக்காமல் பேசி, மாத இறுதியில்தான் ஒப்பந்தத்தைச் சிலி அரசிடம் வெளிப்படுத்தினார். அரசுக்கு அது பழைய செய்தி, தெருவுக்குப் புதிய செய்தி. இந்த வேறுபாட்டைக் கவனித்தால், பின்டோ மீது விழுந்த அழுத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பது விளங்கும்.

"இங்கிலாந்தின் போர்" என்ற வாதம்

இது இங்கிலாந்து பெரு மீது நடத்திய போர், சிலி வெறும் கருவி என்று சொன்னவர் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜேம்ஸ் பிளெய்ன். சொன்ன ஆண்டு 1882. அப்போது அவர் பதவியிலிருந்து விலகிவிட்டார். தன் கொள்கைக்கு விளக்கம் சொல்லும் நிலையில் நாடாளுமன்றக் குழுவின் முன் இருந்தார். எனவே இது போரின் காரணத்துக்கான சாட்சியம் ஆகாது. 1882-ல் வாஷிங்டனில் என்ன நினைத்தார்கள் என்பதற்கான சாட்சியம்.

அடுத்த ஆதாரமாக ஆங்கிலேய முதலாளி ஜான் தாமஸ் நார்த்தைக் காட்டுவார்கள். பெரு கொடுத்த வெடியுப்புப் பத்திரங்களை அவர் போர்க்காலத்தில் மலிவாக வாங்கினார். 1881-ல் சிலி, பத்திரம் வைத்திருப்பவருக்கே தொழிற்சாலை என்று முடிவுசெய்ததும் பெரும் பணக்காரரானார். உண்மைதான். ஆனால் அது போரின் விளைவு. விளைவில் லாபம் அடைந்தவரே தொடக்கத்தில் தூண்டியவர் என்று கொள்ள, 1879 ஏப்ரலுக்கு முந்தைய ஒரு கடிதமாவது வேண்டும்.

அப்படிப்பட்ட கடிதத்தைத் தேட வேண்டிய இடம் கிப்ஸ் நிறுவனத்தின் வால்பரைசோ (சிலித் துறைமுகம்)–லண்டன் கடிதப் போக்குவரத்து. அங்கே போகும்போது ஒன்றை மறக்காதீர்கள்: கிப்ஸ் அன்டோஃபகாஸ்டாவில் பங்குதாரர், அதே காலத்தில் பெரு அரசின் வெடியுப்பு விற்பனையிலும் அதற்குத் தொடர்பு இருந்தது. இரு பக்கமும் பணம் போட்டவரின் நலன் ஒரே திசையில் ஓடாது. லண்டன் தலைமையகத்தின் கருத்தையும் வால்பரைசோ கிளையின் கருத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

சாண்டியாகோவின் நெருக்கடி

செம்பு, கோதுமை விலை வீழ்ச்சி, வங்கி நெருக்கடி, வேலையின்மை. 1878-ல் சிலி தடுமாறியது. இதிலிருந்து "வெடியுப்பைப் பிடிக்கப் போர் தொடுத்தது" என்பது எளிய தாவல். பொருளாதார நெருக்கடி இதே அரசைப் படைச் செலவைக் குறைக்கவும் தள்ளியது என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும். அர்ஜென்டினாவுடன் படகோனியா எல்லைத் தகராறு முற்றியிருந்தது. 1878 டிசம்பர் 6-ல் கையெழுத்தான ஃபியெர்ரோ–சார்ரதெயா உடன்பாடு அதைத் தணித்தது. அது போரைத் தூண்டிய காரணம் இல்லை. கை கட்டியிருந்த கயிற்றைத் தளர்த்திய சூழ்நிலை. இவ்வகைச் சூழ்நிலைகளுக்கு அட்டவணையில் தனி நிறம் கொடுங்கள்.

தாரபாக்காவைக் கைப்பற்றும் எண்ணம் எப்போது தோன்றியது? ஏப்ரல் 5-க்கு முந்தைய அமைச்சரவைக் குறிப்புகள், தூதர்களுக்கான கட்டளைகள், பின்டோவின் கடிதங்கள் ஆகியவற்றில் அந்தப் பெயர் என்ன பொருளில் வருகிறது என்று வரி வரியாகத் தேடுங்கள். இதற்குக் குறுக்குவழி கிடையாது.

ஆவணங்களைத் தேடும்போது

பாஸ்குவல் அஹுமாதா மொரேனோ தொகுத்த எட்டுப் பாக ஆவணத் தொகுப்பு நல்ல தொடக்கம். மூன்று நாட்டு அறிவிப்புகளும் அதில் உண்டு. ஆனால் தொகுத்தது சிலியில், போர் முடிந்த சூட்டில். எதைச் சேர்த்தார் என்பதைப் போலவே எதை விட்டார் என்பதும் முக்கியம். சாண்டியாகோ தேசிய ஆவணக் காப்பகம், சுக்ரேயிலுள்ள பொலிவிய தேசியக் காப்பகம், லீமா வெளியுறவு அமைச்சகக் காப்பகம் மூன்றையும் தொடாமல் ஆய்வு முழுமையாகாது. லீமா தேசிய நூலகம் 1881-ல் சிலிப் படையால் சூறையாடப்பட்டது; 1943-ல் தீயில் பெரும்பகுதி அழிந்தது. பெருவின் தரப்பு ஆவணம் குறைவாகத் தெரிந்தால், அது பெரு பேசாமல் இருந்ததற்கு அடையாளம் இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப லண்டன் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசியக் காப்பகத்தின் வெளியுறவுக் கோப்புகள் உதவும்: சிலிக்கு எஃப்.ஓ. 16, பெருவுக்கு எஃப்.ஓ. 61, பொலிவியாவுக்கு எஃப்.ஓ. 11.

கணினியில் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. அக்காலச் சிலியின் ஸ்பானிய அச்சில் 'ஜெனரல்', 'அர்ஜென்டினா' போன்ற சொற்களை ஜி எழுத்துக்குப் பதில் ஜே எழுத்தால் எழுதினார்கள். 'மற்றும்' என்ற இணைப்புச் சொல்லுக்கு ஒய்-க்குப் பதில் ஐ. இன்றைய எழுத்துமுறையில் மட்டும் தேடினால் பாதிப் பக்கங்கள் சிக்காது.

எழுதும்போது

காரணம் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு ஆளும் ஒரு நாளும் ஒரு ஆவணமும் இருக்கிறதா என்று பாருங்கள். "வரி விதித்ததால் சிலி போர் தொடுத்தது" என்று எழுதாதீர்கள். "1878 நவம்பர் 8 கடிதத்தில் சிலி வெளியுறவு அமைச்சர் அலெஹாந்த்ரோ ஃபியெர்ரோ, வரி வசூலித்தால் 1874 ஒப்பந்தம் செல்லாது என எச்சரித்தார், ஆனால் படை இறங்கியது உரிமம் ரத்தான செய்தி வந்த பிறகே" என்று எழுதுங்கள். இரண்டாவது வாக்கியம் நீளம்தான். ஆனால் அதை மறுக்க விரும்புபவர் எந்தத் தாளைப் புரட்ட வேண்டும் என்று அது சொல்கிறது.

பொலிவியாவின் 1879 மார்ச் 1 ஆணையைப் போர் அறிவிப்பு என்று அழைப்பதா என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து, காரணத்தை அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள். வணிகத்தையும் தொடர்பையும் முறித்துச் சிலிக்காரர்களை வெளியேறச் சொன்ன ஆணை அது. போர் அறிவிப்பு என்றால் சிலியின் வாதம், பதில் நடவடிக்கை என்றால் பொலிவியாவின் வாதம். எந்தப் பெயரை வைத்தாலும் ஒரு நாட்டு வாசகர் உங்களைச் சந்தேகிப்பார். ஆணையின் வாசகத்தை அப்படியே மேற்கோள் காட்டி, அதே பக்கத்தில் மார்ச் 14-ல் பொலிவியா வெளிநாட்டுத் தூதர்களுக்கு அனுப்பிய அறிவிப்பையும் வையுங்கள்.